இத்தாலிப் பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து ஆண்டுதோறும் இத்தாலிக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குழுவில் நானும் வந்தேன். ரோம், அசிசி, பதுவா எல்லாம் பார்த்தோம். பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் முட்டுக்கொடுப்பதுபோல் படம் எடுத்துக்கொள்ளவே அரை நாள் போயிற்று. "ஒர்த்தோனா உண்டா?" என்று கேட்டேன். அது வழியில் இல்லை என்றார்கள்.

சாந்தோம் கல்லறையில் மண்டியிட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் எங்கள் குழுவில் பாதிப்பேர். அங்கே அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர் தோமாவின் எலும்புகள் என்று திருச்சபை மரபு போற்றுபவை இருப்பது ஒர்த்தோனாவில்தான். மயிலாப்பூரிலிருந்து எதெஸ்ஸாவுக்கும் பிறகு கியோஸ் தீவுக்கும் போனவற்றை 1258-இல் ஒர்த்தோனா மாலுமிகள் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது மரபு. அடுத்த முறை தனியாகப் போய், பேராலயத்தின் நிலவறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 1943 டிசம்பர்ச் சண்டையில் இடிந்து, பிறகு எழுப்பப்பட்ட கோயில் அது. கனடியப் படையும் ஜெர்மானியரும் அந்த ஊரில் வீடு வீடாக மோதிக்கொண்டார்கள்.

ஒர்த்தோனா இருப்பது அப்ரூத்சோ பகுதியின் கியேத்தி மாகாணத்தில், அத்ரியாத்திக் கரையில். ரோமிலிருந்து மலைகளைக் கடந்து பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து தெற்கே வாஸ்தோ நகர் வரை கரையோரம் 'திரபோக்கோ'க்கள் நிற்கின்றன: கடலுக்குள் நட்ட மரக்கால்கள்மேல் பலகைத் தளம், கரைக்கு ஒரு ஒடுங்கிய நடைபாலம், விசையைச் சுற்றி இறக்கி ஏற்றும் பெரிய வலை. கொச்சியின் சீன வலையைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இன்று பல திரபோக்கோக்கள் உணவகங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இந்திய உணவகம் தேடி நகரத்துக்குள் அலைவதைவிட, அங்கே உட்கார்ந்து மீன் சாப்பிடலாம். (சைவர்களுக்குச் சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன்.) ரயில் பாதையை உள்ளே தள்ளிப் போட்டபின், கடலை ஒட்டிய பழைய தடம் சைக்கிள் பாதையாகிவிட்டது. வாஸ்தோவில் 1956-இல் நிலச்சரிவு ஒரு தேவாலயத்தை விழுங்கியது. மிஞ்சிய வாசல் மட்டும் தனியே நிற்கிறது. கியேத்தி நகர அருங்காட்சியகத்தில் கபெஸ்திரானோ வீரன் என்ற சிலை இருக்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கல்லில் இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம், அகன்ற விளிம்புத் தொப்பி. நேரம் இருந்தால் பாருங்கள்.

ஆனால் தவறவே கூடாத இடம் ஒன்று உண்டு. தோரினோ தி சங்க்ரோ என்ற ஊரின் குன்றின்மேல் இரண்டாம் உலகப் போரில் மாண்ட காமன்வெல்த் வீரர்களின் கல்லறைத் தோட்டம். அதனுள் தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்தியப் படையினர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சங்க்ரோ ஆற்றைக் கடந்து முன்னேறிய 1943-ஆம் ஆண்டுப் போரில் எட்டாவது இந்திய டிவிஷன் இந்தப் பகுதியில்தான் போரிட்டது. நான் போன மாலையில் அங்கே வேறு யாரும் இல்லை. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து முடிப்பதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது.

எனவே ஒரே ஒரு நாள் கேட்கிறேன். எதை வெட்டுவது என்பீர்கள். மலிவு விலைக் கைப்பைகளுக்காக ஊருக்கு வெளியே கடைகளில் எங்களை இறக்கிவிட்டீர்களே, அந்த நாளை. காலையில் ஒர்த்தோனா, மதியம் திரபோக்கோ, மாலையில் சங்க்ரோ கல்லறைத் தோட்டம். மலர்களை மட்டும் ஒர்த்தோனாவிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவன்