டவுன்லோட் பொத்தானைத் திருப்பிக் கொடுங்கள்

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியை, கொடைக்கானல்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கல்லூரி வீடியோ நூலகத்தில் பதிவிறக்க வசதியை நீக்கியது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

எங்கள் கல்லூரி உங்கள் வீடியோ நூலகத்துக்கு மூன்றாவது ஆண்டாகச் சந்தா கட்டுகிறது. அதை வாங்கச் சொல்லி முதல்வரிடம் பலமுறை போய் நின்றவள் நான்தான். முதல் இரண்டு ஆண்டும் ஒரு குறையும் இல்லை. போன ஜூனில் செயலியைப் புதுப்பித்தீர்கள். அன்றிலிருந்து டவுன்லோட் பொத்தானைக் காணோம். படத்தின் தரத்தை நாமே குறைத்து வைக்கும் வசதியும் போய்விட்டது. ‘ஆட்டோ’ ஒன்றுதான் இருக்கிறது.

என் மாணவிகள் பலர் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கத்திலிருந்து வருகிறவர்கள். மதியம் கல்லூரி வைஃபையில் பாடத்தை இறக்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஊரில் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். ஆனால் வீடியோ போனில் இருந்தால் கவலையில்லை. பூண்டு உரிக்கிற வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி பார்ப்பார்கள், மறுநாள் கேள்வியோடு வருவார்கள். அந்தக் கேள்விகளிலிருந்துதான் என் வகுப்பே தொடங்கும்.

ஒரு பாடத்தைச் சொல்கிறேன். 1909-ல் ஜான் எவர்ஷெட் இதே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், சூரியக் கரும்புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கியும் நகர்ந்ததை வைத்து அதைச் சொன்னார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும். இந்த டாப்ளர் விளைவைப் புரியவைக்க எங்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடையாது. உங்கள் நூலகத்தில் இதற்கு 12 நிமிட வீடியோ இருக்கிறது. உண்மையிலேயே அருமையான வீடியோ. போன வருடம் பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள், மறுநாள் அந்தச் சூரிய ஆய்வகத்துக்கே கூட்டிப்போனேன். இந்த வருடம் அதே பாடத்துக்கு வகுப்பில் கேட்டால் நாலு பேர்தான் முழுசாகப் பார்த்திருந்தார்கள். மற்றவர்களுக்குச் சுற்றுகிற வட்டம்தான் தெரிந்தது.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்கே தெரியும். ஆட்டோ முறையில் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வருகிறது. இணைய வேகத்தை அளந்து அடுத்த துண்டின் தரத்தைச் செயலியே முடிவு செய்கிறது. மலையில் சிக்னல் ஒரு நிமிடம் எழும், அடுத்த நிமிடம் விழும். எழுந்த நேரத்தில் பெரிய துண்டைக் கேட்டுவிட்டு, அது வந்து சேராமல் நின்றுவிடுகிறது. முன்பு படத்தின் தரத்தைக் குறைத்து 240-ல் வைத்துப் பார்த்தோம். நிறமாலைக் கோடு நகர்வது அதிலேயே தெளிவாகத் தெரியும். அந்த 12 நிமிடத்துக்கு 30 எம்பி சொச்சம்தான் ஆகும்.

இதற்கு உங்கள் சேவைப் பிரிவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இரண்டு முறை ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று பதில் வந்தது. மூன்றாம் முறை பதிப்புரிமையைக் காரணம் சொன்னீர்கள். முன்பு இறக்கிய வீடியோ உங்கள் செயலிக்குள் மட்டும்தானே திறந்தது? சந்தா முடிந்தால் தானே பூட்டிக்கொண்டதே, அதில் யார் எதைத் திருட முடியும்? ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் காசு கொடுத்துத்தானே கேட்கிறோம்.

அப்புறம், புதிதாகச் சேர்த்த தமிழ் வசன வரிகள். தமிழில் கொடுக்க நினைத்தது நல்ல விஷயம், அதற்கு நன்றி. ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்ததை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. ‘காந்தப்புலம்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘காந்த வயல்’ என்று வருகிறது. ஒரு மாணவி அதைத் தேர்வுத்தாளிலேயே எழுதிவிட்டாள். அவளுக்கு மதிப்பெண் குறைக்க எனக்குக் கை வரவில்லை. தப்பு அவளுடையது இல்லையே. இயற்பியல் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்தும்வரை அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

பதிவிறக்கத்தையும் தரத்தேர்வையும் இந்தப் பருவம் முடிவதற்குள் திரும்பக் கொடுக்க வேண்டும். ஜூன் முதல் பயன்படுத்த முடியாமல் போன மாதங்களைச் சந்தாவில் நீட்டித்துத் தர வேண்டும். முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டுச் சந்தாவை முடிவு செய்யும் நூலகக் குழுக் கூட்டம் டிசம்பரில் நடக்கிறது. உங்கள் பதிலை அங்கே வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை
கொடைக்கானல்