பதினெட்டா, இருபத்தொன்றா? டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், இர்விங் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு (ஹூஸ்டன், ஆஸ்டினில் இருப்பவர்களுக்கும்தான்) வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, முதல் வகுப்பு படிக்கும் என் மகள் தன் தம்பியைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, "ஆள் போற வரைக்கும் சத்தமே வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாமூச்சி ஆடுகிறார்கள் என்று நினைத்து நான் கதவைத் திறந்தேன். "திறக்கக் கூடாதும்மா, யார் தட்டினாலும் திறக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள். துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளியில் நடத்தும் லாக்டவுன் டிரில்லை மூன்று வயதுத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனும் சமர்த்தாக வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாநிலத்தில் ஏஆர்-15 மாதிரியான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்துச் சுடுவது) வாங்கும் வயதை 18-லிருந்து 21-க்கு உயர்த்தச் சொல்லி உங்கள் ஸ்டேட் ரெப்புக்கு, அதாவது மாநிலப் பிரதிநிதிகள் அவையில் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு, ஒரு போன் போடுங்கள்.

2022 மே 24 அன்று உவால்டேயில் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுட்டவன் இருந்த வகுப்பறைக்குள் போலீஸ் 77 நிமிடம் போகாமல் நின்றதைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதும்தான். ஆனால் அதற்கு முந்தைய எட்டு நாளைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. மே 16-ல் சுட்டவனுக்கு 18 வயது நிறைந்தது. மறுநாள் ஒரு ரைஃபிள், 20-ஆம் தேதி இன்னொன்று. எல்லாம் சட்டப்படி வாங்கியவை. அதற்கும் முன்னால் நடந்தது, டெக்சாஸ் பிரதிநிதிகள் அவையே அந்த ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் இருக்கிறது. 17 வயதில் தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லி இரண்டு பேரிடமாவது கேட்டிருக்கிறான், இருவரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "சட்டம் போட்டா மட்டும் நின்னுடுமா, வேணும்னு நினைக்கிறவன் எப்படியும் வாங்கிடுவான்" என்று நம் வாட்ஸப் குழுக்களில் அடிக்கடி வருகிறதே, அவனால் வாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வயது வரம்பு அவனைத் தடுத்து வைத்திருந்தது. பிறந்தநாள் வந்ததும் அந்தக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

இதே டெக்சாஸ் சட்டமன்றம்தான் 2019-ல் சிகரெட், வேப் வாங்கும் வயதை 21 ஆக்கியது. பீருக்கு எப்போதிருந்தோ 21. வாடகைக் கார் எடுக்கப் போனால் 25 வயது ஆகாதவனிடம் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். 2018-லேயே வால்மார்ட் தன் கடைகளில் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கிவிட்டது. அந்த வயதில் நிதானம் குறைவு என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்புறம் 2023-ல் நடந்தது. உவால்டே பகுதி உறுப்பினர் டிரேசி கிங் கொண்டுவந்த எச்.பி. 2744 என்ற மசோதா, கழற்றி மாட்டக்கூடிய மேகசின் உள்ள, .22-க்கு மேற்பட்ட செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகும் பையனின் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை (ஒவ்வொரு குண்டையும் கையால் இழுத்து ஏற்றிச் சுடுவது) அது தொடவே இல்லை. மசோதாவைப் பரிசீலித்த அவைக் குழு ஏப்ரலில் நடத்திய விசாரணையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் காலையில் வந்து இரவு வெகுநேரம் வரை காத்திருந்து பேசினார்கள். மே 8 அன்று, ஓட்டெடுப்பே கிடையாது என்ற நிலையில், அவர்கள் கேபிடல் கட்டடத்தில் நின்று கோஷம் போட்டார்கள். அன்றே அந்தக் குழு கூடி 8-க்கு 5 என்று மசோதாவை நிறைவேற்றியது, இரண்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். ஆனால் சபையின் விவாதப் பட்டியலில் அதைச் சேர்க்காமலே கெடு முடிந்துவிட்டது. மசோதா அங்கேயே நின்றது.

அந்த ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் நம்ம ஆலன் அவுட்லெட் மாலில் 8 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர். தீபாவளிக்குத் துணி எடுக்க நாம் போகும் இடம். ஆலனில் சுட்டவனுக்கு வயது 33, இந்தச் சட்டம் அவனைத் தடுத்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். உவால்டேயில் சுட்டவனைத் தடுத்திருக்கும். 21 பேரின் உயிர் எனக்குப் போதுமான காரணம்.

"இது டெமாக்ரட் விவகாரம்" என்பவர்கள் ஃபுளோரிடாவைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 14-ல் பார்க்லாந்து பள்ளியில் 19 வயதுப் பையன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். 23 நாள் கழித்து, குடியரசுக் கட்சிக்காரரான கவர்னர் ரிக் ஸ்காட், எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சரி, கோர்ட் அடித்துவிடாதா? அந்தச் சட்டம் செல்லும் என்று 2025 மார்ச்சில் 11-ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டெக்சாஸ் அடங்கிய நம் 5-ஆவது வட்டார நீதிமன்றம் அதே ஆண்டு ஜனவரியில் கைத்துப்பாக்கி விஷயத்தில் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது என்பதும் உண்மைதான். ஆனால் நீதிபதிகள் என்ன சொல்வார்களோ என்று பயந்து சட்டமே போடாமல் இருப்பது சட்டமன்றத்தின் வேலை இல்லையே.

வீட்டு வரி மதிப்பீட்டை எதிர்த்து மனு போட மே 15 கெடு என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு எடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தப் போனுக்குப் போதும். நான் போன வாரம் என் ஸ்டேட் ரெப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு இளம்பெண் எடுத்தாள், பெயரும் ஜிப் கோடும் கேட்டாள், நான் சொன்னதை எழுதிக்கொண்டு நன்றி சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எச்1பி-யோ கிரீன் கார்டோ, ஓட்டு இல்லாவிட்டாலும் பேசலாம், அவர் தொகுதியில்தானே குடியிருக்கிறீர்கள். சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் கூடும், அடுத்தது 2027 ஜனவரியில். அதற்கு முன்பே அவர்கள் காதில் இது விழ வேண்டும்.

வரும் ஞாயிறு தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்பேன். உங்கள் ஸ்டேட் ரெப் யார் என்று தெரியாதவர்கள் விலாசத்தைச் சொல்லுங்கள், நம்பரை எடுத்துத் தருகிறேன்.