மாணவர்களிடம் கொடுத்தனுப்பும் விதைப் பொட்டலம் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நான்காம் நிலை மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறிய காகிதப் பொட்டலத்துடன் வீடு திரும்புவார்கள். அதில் இருப்பது, நாம் வாழும் இல்லினாய் மாநிலப் புல்வெளிகளில் இயற்கையாக வளரும், ஆங்கிலத்தில் கிரே-ஹெடட் கோன்ஃபிளவர் என்றும் தாவரவியலில் ரட்டிபிடா பின்னேட்டா என்றும் வழங்கும் மஞ்சள் காட்டுப்பூவின் விதை. பிள்ளைகள் தாங்களாகவே அதற்குச் 'சாம்பல்தலைக் கூம்புப்பூ' என்று பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று.

இந்த மாநிலத்துக்குப் 'புல்வெளி மாநிலம்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு காலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கரில் பரந்திருந்த புல்வெளியில், பழைய நிலை கெடாமல் இன்று எஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர் மட்டுமே. லைல் நகரில் மார்ட்டன் ஆர்போரீட்டம் என்னும் மரப் பூங்காவினர் 1962இல் உருவாக்கத் தொடங்கிய ஷூலன்பெர்க் புல்வெளிக்கு ஜூலை இறுதியில் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இவ்வகைக் காட்டுச்செடிகள் பலவற்றை நேரில் காட்டலாம்.

பூவை அடையாளம் காண்பது எளிது. மூன்று முதல் ஐந்து அடி உயரத் தண்டின் நுனியில் வெளிர்மஞ்சள் இதழ்கள் நனைந்த துணிபோலக் கீழ்நோக்கித் தொங்கும். நடுவில் சாம்பல் நிறக் கூம்பு நிமிர்ந்து நிற்கும். அக்கூம்பு உண்மையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுபூக்களின் திரள். அவை அடியிலிருந்து மேல்நோக்கி மலர மலர, சாம்பல் நிறம் பழுப்பாக மாறிக்கொண்டே போகும். கூம்பைக் கசக்கி முகர்ந்தால் சோம்பு மணக்கும். பலரும் இதனோடு குழப்பிக்கொள்ளும் பிளாக்-ஐட் சூசன் பூவுக்கு இதழ்கள் தட்டையாக விரிந்திருக்கும். நடுப்பகுதி தொடக்கத்திலேயே கரும்பழுப்பாக இருக்கும். இலைகளிலும் பிளவு இராது.

சிக்கல் பூவில் இல்லை, பூக்காத செடியில்தான். முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய, சொரசொரப்பான சில இலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. பூவைக் காண இரண்டாம் அல்லது மூன்றாம் கோடைவரை காத்திருக்க வேண்டும். சென்ற ஜூன் மாதம் பள்ளித் தோட்டத்தில் களையெடுத்த அன்று, அந்த இளஞ்செடிகளைக் களையென்று கருதிப் பிடுங்கச் சொன்னவள் நானே. ஒரு மாணவி, "டீச்சர், இது நாங்க போட்டதாச்சே" என்று வேரோடு கையில் ஏந்திக் காட்டியபோது பாதிக்கும் மேல் போய்விட்டிருந்தது.

இவ்விதை குளிரை உணர்ந்த பிறகே நன்கு முளைக்கும். ஆகவே நவம்பரில், நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில், புல்லை நீக்கிய வெறும் மண்மேல் தூவிக் காலால் மிதித்து அழுத்திவிட்டால் போதும்; ஆழமாகப் புதைக்க வேண்டாம், மீதியைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் விதைக்க விரும்புவோர், ஈரமணலில் கலந்து ஜிப் பையிலிட்டு, ஒரு மாதம் குளிர்பதனப் பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம். களிமண் நிலம் ஒரு தடையே அன்று. உரமிடுவதுதான் கெடுதல், கொழுத்து வளர்ந்த செடி காற்றில் சாய்ந்துவிடும்.

பூ முடிந்த தண்டுகளைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டாதிருக்க வேண்டுகிறேன்; கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் கூம்பில் அமர்ந்து விதை தின்னும். இயற்கைக் காப்பிடங்களிலிருந்து செடியையோ விதையையோ எடுத்துவருவது சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டவுன்ஹவுஸில் குடியிருப்போர், செடியின் உயரம் குறித்துத் தங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பொட்டலத்துடன் ஓர் ஐஸ் குச்சியும் இருக்கும். அதில் பூவின் பெயரையும் விதைத்த நாளையும் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதி அந்த இடத்தில் நட்டுவைக்கட்டும். புல்வெட்ட வருபவரிடம் அக்குச்சியைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை சொல்லிவைக்கும் பொறுப்பு தங்களுடையது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை