வில்லனுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்

சூப்பர்ஹீரோ படம் எடுக்கும் தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் பூந்தமல்லிக்கு அருகே ஒரு படப்பிடிப்பில் நடந்ததுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. படத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். உங்களில் பலருடைய படங்களில் இதுவேதான் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கூத்தும் மேடை நாடகமும் பழகிய எனக்கு முதன்மை வில்லன் வேடம் கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

விடியும் முன்பே மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தீக்காயத் தழும்பு. சிலிக்கான் துண்டைப் பசை தடவி ஒட்டி, ஓரம் தெரியாமல் தோலோடு இழைத்து, அதன்மேல் நிறத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார் மேக்கப் கலைஞர். ஆறிய புண்ணின் வெளிறிய சிவப்பு வர வேண்டும் என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தார். வாயை அசைக்கக் கூடாது என்பதால் காபியைக்கூட ஸ்ட்ரா வைத்துத்தான் குடித்தேன். எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு உதவி இயக்குநரிடம் கேட்டேன்: “தம்பி, இவனுக்கு இந்தத் தழும்பு எப்படி வந்தது?” கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். “அதெல்லாம் எழுதவில்லை அண்ணா. வில்லன் என்பதால் வைத்திருக்கிறோம்.”

நகரத்தின் குடிநீரில் நஞ்சு கலக்கிறான் இந்த வில்லன். எதற்காக என்று இயக்குநரிடம் கேட்டேன். “நீங்கள் சிரியுங்கள், மற்றதைப் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும்” என்றார். மாலைவரை கயிற்றில் தொங்கியபடி சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிப்பதைப்போல நடிகனை வதைப்பது வேறில்லை. தழும்புக்கு அத்தனை மணி நேரம் கொடுக்க முடிந்தவர்களால், அந்த மனிதனுக்கு ஒரு பக்கம் கொடுக்க முடியவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். வில்லனுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதுங்கள்.

இதைக் கேட்டதும் சிறுவயது அழுகைக் காட்சி ஒன்றைச் சேர்த்துவிட வேண்டாம். 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்து ஜோக்கர் தன் தழும்புக்கு ஒருவரிடம் ஒரு கதையும் இன்னொருவரிடம் வேறு கதையும் சொல்கிறான். எது உண்மை என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் அவனுக்கு வேண்டியது தெளிவாக இருக்கிறது: நெருக்கினால் எந்த மனிதனும் கெட்டுப்போவான் என்று காட்ட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு படகுகளில் வெடிமருந்து வைத்து, ஒரு படகை வெடிக்கவைக்கும் விசையை மற்றப் படகில் இருப்பவர்கள் கையில் கொடுக்கிறான். யாரும் அழுத்தவில்லை. பேட்மேன் அவனைப் பிடிப்பதற்கு முன்பே அவன் தோற்றுவிடுகிறான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் மறைந்த பிறகு ஆஸ்கர் பெற்றார் என்றால், அவர் நடிப்பதற்கு அப்படியொரு வாதம் எழுதப்பட்டிருந்தது.

2018இன் ‘பிளாக் பேந்தர்’ படத்தில் வில்லன் கில்மாங்கரின் தந்தையைக் கொன்றது, உலகுக்குத் தன் வலிமையை மறைத்து வாழும் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவின் அரசனேதான். உலகெங்கும் நம் கறுப்பினம் மிதிபடும்போது இவ்வளவு வலிமையை வைத்துக்கொண்டு ஒளிந்திருப்பது நியாயமா என்று அவன் கேட்கிறான். அவனை வென்ற பிறகும் நாயகனால் அந்தக் கேள்வியைத் தள்ள முடியவில்லை, நாட்டின் கதவைத் திறக்கிறான். வில்லன் வந்து போன பிறகும் நாயகன் பழைய ஆளாகவே இருந்தால் அந்த வில்லன் எதற்கு வந்தான்?

ஹாலிவுட்காரர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். 2021இல் மலையாளத்தில் வந்த ‘மின்னல் முரளி’யில் நாயகனைத் தாக்கி அபார சக்தி தந்த அதே மின்னல்தான் ஊரே ஒதுக்கிவைத்த வில்லன் ஷிபுவையும் தாக்குகிறது. அவனுக்கு உலகம் வேண்டாம், பல வருடங்களாக மனத்தில் வைத்திருக்கும் உஷா வேண்டும். அவ்வளவுதான். ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரம் நம் சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர். அவருக்கு இப்படியொரு வில்லனை எழுதித்தர மலையாளத்திலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. என் ஆத்திரமெல்லாம் இதில்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் பெரிதாகக் கிடத்தி, அவன் தொடை பிளந்த பிறகு அவனுக்காகவும் ஒப்பாரி வைக்கிற ஊர்கள் நம்முடையவை. எதிரியையும் மனிதனாகப் பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. அடியாட்கள் என்றால் ஏன் எப்போதும் வியாசர்பாடியும் காசிமேடும்? கெட்டவன் என்றால் ஏன் கறுத்த முகமும் வெந்த தோலும்? கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களும் உங்கள் படத்துக்கு டிக்கெட் வாங்குகிறார்கள். இடைவேளையில் விளக்கு போட்டதும் பக்கத்து இருக்கைக்காரர் அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதை நீங்கள் ஒருமுறையாவது யோசித்ததுண்டா?

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிராபிக்ஸ் செலவையோ நாயகனின் சம்பளத்தையோ குறைக்கச் சொல்லவில்லை. அடுத்த படத்தில் வில்லனுக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதை நடிக்கப்போகிறவரிடம் படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பாவது தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக நடிகன்,
சென்னை