டோரதி டாண்ட்ரிட்ஜை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐம்பதுகளின் ஹாலிவுட் நடிகைகள் பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையில் டோரதி டாண்ட்ரிட்ஜின் பெயரைத் தேடினேன்; இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கிளீவ்லாந்தில் 1922-ல் பிறந்து, சிறுமியாகவே அக்காவுடன் மேடையேறிப் பாடியவர். 'கார்மன் ஜோன்ஸ்' (1954) படத்துக்காக, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவ்வளவு நல்ல பாடகிக்கு அந்தப் படத்தில் இரவல் குரல்! விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது, அதுகூடப் பரவாயில்லை. அத்தனை புகழுக்குப் பிறகும் அடுத்த படம் வெளிவர 1957 ஆனதே, அதுதான் ஆறவில்லை. கறுப்பினப் பெண்ணுக்கு நாயகி வேடம் தர ஸ்டுடியோக்களுக்கு மனம் வரவில்லை. 1965-ல், 42 வயதில், கடனாளியாக இறந்தார்.

2002-ல் அதே விருதை வாங்கிய முதல் கறுப்பின நடிகை ஹாலி பெர்ரி, மேடையில் அழுதபடி முதலில் சொன்ன பெயர் டோரதியுடையது.

– வாசகி, மதுரை