அம்மன் எங்கே போனாள்?

அன்பு குமரா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவன் பிள்ளையே நடக்கிறாள், நீ இன்னும் படிக்கிறாய்" என்றார். சரி, அதை விடு.

"மெய்யியலில் அப்படி என்னதான் ஆராய்கிறாய், கடவுள் உண்டா இல்லையா என்றா?" என்று கேட்டிருந்தாய். அதில்தான் ஆரம்பித்தேன். கடவுள் உண்டு என்று நிறுவப் பார்த்த மேலைத் தத்துவவாதிகள் ஆன்செல்ம், லைப்னிட்ஸ் என்று இரண்டு வருடம் வாதங்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒன்றுகூடப் பாட்டி கும்பிடும் அம்மனின் பக்கம் வரவில்லை. இப்போது கேள்வி வேறு: எங்கும் இருக்கும் கடவுள் ஓரிடத்தில் இருக்கிறார் என்றால் அதற்கு என்ன பொருள்?

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்ததே, அதற்கு முன்பு கோபுரத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். பாட்டி சாரத்தைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, சக்தியைக் கும்பத்தில் இறக்கி வேறிடத்தில் வைத்து வழிபடுவார்கள் அல்லவா? "அம்மன்தான் அங்கே இல்லையே பாட்டி" என்றேன். "வீட்டுக்குச் சாயம் அடித்தால் நாம் பக்கத்து அறையில் படுப்பதில்லையா?" என்றார்.

அந்தக் கோயில் 1827இல் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கொட்டகை, 1843இல் செங்கல் கட்டடம், இப்போதுள்ள கோபுரம் 1925இல். பலகை பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கப்பலில் வெளியே போய்த் திரும்பி வரும் ஆள் கிடையாது. கோயிலில் உண்டு.

இதை எழுதிக் கொடுத்தால் என் மேற்பார்வையாளர் ஓரத்தில் "சடங்கு சரி, வாதம் எங்கே?" என்று சிவப்பில் போட்டுவிட்டார். கோபமாக வந்தது, ஆனால் நியாயம்தான். அப்புறம் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரிடம் போனேன். அவருடைய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 அடி. இரண்டாவதில் இறைவன் எங்கும் நீக்கமின்றி நிற்கிறான். கடைசியில் 'ஆலயம் தானும் அரன் எனத் தொழுமே'. அந்த 'என' இருக்கிறதே, ஆலயம் அரனேதானா, அரனாக நினைத்துக்கொள்வதா? ஓர் அத்தியாயமே அதில் போகிறது. அடியாரிடம் அவன் தயிரில் நெய்போல் விளங்குவான், மற்றவரிடம் பாலில் நெய்போல் மறைந்திருப்பான் என்றும் வருகிறது. அழகான உவமைதான். ஆனால் அதில் நெய் எங்கும் போவதில்லை. பாலாலயத்தில் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது. இந்த இடுக்கில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டே உன் பொறியாளர் மூளையால் இதை ஓட்டை போடு. பாட்டிக்கு மகள் படம் அனுப்பு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
செல்வா