அட்டை இருக்கிறது, பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி செக்காலைப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா என்று இந்த வட்டாரத்துக் காகிதமெல்லாம் என் மிஷின் கண்ணாடியில் ஒருமுறையாவது குப்புறப் படுத்து எழுந்தவைதான். அதனால் வாக்காளர் பட்டியல் விஷயத்தில் ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

போன வாரம் ஓர் ஆச்சி வந்தார்கள். சுருக்குப்பையிலிருந்து பழைய கறுப்பு வெள்ளை வாக்காளர் அட்டையை எடுத்தார்கள். லேமினேஷன் ஓரம் பிரிந்து, உள்ளே மஞ்சள் ஏறியிருந்தது. "ரெண்டு காப்பி எடுங்க தம்பி, கவுன்சிலர் எலெக்ஷன் வரப்போகுதாம்ல" என்றார்கள். எதற்கும் பார்ப்போமே என்று அட்டை எண்ணைச் செல்போனில் தட்டினேன். பெயர் இல்லை. ஆச்சி நம்பவில்லை. "அட்டை கையில இருக்கையில பேரு எப்படி இல்லாமப் போகும்?" என்று என்னையே கோபித்துக்கொண்டார்கள்.

விசாரித்தால் கதை இதுதான். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிர திருத்தம் என்று வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா? அப்போது ஆச்சி கோட்டையூரில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார்கள். இங்கே வீடு பூட்டிக் கிடந்தது. படிவம் நிரப்ப ஆளில்லை, பெயர் போய்விட்டது. டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழகம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் போனது சரி. ஆச்சி போல உயிரோடு, ஊரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் இன்னும் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களோ!

ஆச்சிக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். பெயரே இல்லாதவர்களுக்கு அதுதான். ஆனால் பெயர் பட்டியலில் இருந்து, வீடு மட்டும் மாறியவர்களும் அதே படிவம் 6ஐத்தான் கேட்கிறார்கள். முன்பு வேறு தொகுதிக்குப் போனால் அப்படித்தான் இருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து வீடு மாறினாலும், எழுத்துப்பிழை திருத்துவதானாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8தான். திருப்பத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கு வந்த பெண் புதிதாக 6 போட்டால் அங்கொன்று இங்கொன்று என்று இரண்டு பெயர் ஆகிவிடும். அப்புறம் அதற்கு வேறு அலைய வேண்டும். இதைத் தேர்தல் உதவி எண்ணான 1950க்கு போன் செய்தால் சொல்கிறார்கள். ஆனால் 1950 என்று ஓர் எண் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இது ஒரு பக்கம். உள்ளாட்சித் தேர்தல் என்று வரும்போது குழப்பம் வேறு மாதிரி. அந்தத் தேர்தலை நடத்துவது டெல்லித் தேர்தல் ஆணையம் அல்ல, தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அவர்கள் தனியாக யாரையும் சேர்ப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை எடுத்துத் தெருவாரியாகப் பிரித்து வார்டு பட்டியல் போடுகிறார்கள். பிரிக்கும் இடத்தில்தான் கோளாறு. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப்போட்ட அதே பள்ளிக்கூடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வரிசை வீடுகள் மட்டும் பக்கத்து வார்டில் இருப்பதாகச் சொல்லி வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் முதல் பள்ளியிலேயே மை வைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். அப்பாவுக்கு அப்போது 78 வயது. வெயிலில் நடந்தது கூடப் பெரிதில்லை. எங்கள் தெரு சாக்கடைக்கு எந்தக் கவுன்சிலரைக் கேட்பது என்பதில் இன்றுவரை தகராறு.

இந்த முறை இன்னும் சிக்கல். 2024 ஆகஸ்டில் நம் ஊர் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் சேர்ந்தன. 2022 மார்ச்சில் பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5ஆம் தேதியே பதவிக்காலம் முடிந்துவிட்டது. சங்கராபுரத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, "நாலு சீட்டு எப்பக் குடுப்பாங்க?" என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு ஒன்று என்று நான்கு வாக்குச்சீட்டில் முத்திரை குத்தியவர். (அதே ஊரில்தான் ஒரே தலைவர் பதவிக்கு இருவருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்த கூத்தும் நடந்தது.) மாநகராட்சியில் ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு மட்டும், மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொன்னால், "அப்ப எங்க தலைவரு?" என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

மாநகராட்சிக்கு என் கோரிக்கை இதுதான். வார்டு எல்லை முடிவானதும், எந்தத் தெரு எந்த வார்டு, எந்தப் பள்ளியில் வாக்குச்சாவடி என்பதை ரேஷன் கடைச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் பெயிண்டில் எழுதுங்கள். தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு வார்டு என்றால் அதையும் எழுதுங்கள். இணையதளத்தில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அந்த இணையதளத்தைத் திறக்கத்தான் என் கடைக்கு வருகிறார்கள். வார்டு தப்பாக இருந்தால் மாநகராட்சி அலுவலகம், பெயரே இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற இரண்டு வரியும் அதன் கீழேயே இருக்கட்டும். அலுவலரின் போன் எண்ணையும் போட்டால் பாதிக் கூட்டம் குறையும். எனக்கு ஜெராக்ஸ் வருமானம் போகும், போகட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வேட்பாளர் பட்டியலுக்கும் வாக்குறுதிகளுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள். வார்டு அறிவிப்பு வரும் வாரம் எங்கள் மாவட்டப் பதிப்பில் அரைப் பக்கம் தெருப்பட்டியல் போடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக. அதை வெட்டி, பெரிதாக்கி நகலெடுத்து, லேமினேஷன் போட்டுக் கடை வாசலில் மாட்டிவிடுகிறேன். ஆச்சியும் திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். பெயர் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
காரைக்குடி.